விலக்கில் தூங்கிய கம்ப்யூட்டர்

ஆயுத பூஜை கழிந்து இரண்டாம் நாள் காலையில், ஆவரங்குளம் விலக்கில் இருக்கும் அரசி டைப்பிங் சென்டரின் கம்ப்யூட்டர் எழுந்திருக்கவில்லை. மங்கையர்க்கரசி வழக்கம்போல ஷட்டரைத் தூக்கி, வாசலில் தண்ணீர் தெளித்து, ஸ்டெபிலைசரைப் போட்டு, பெட்டியின் பொத்தானை அமுக்கிவிட்டு ஊதுபத்தி கொளுத்தத் திரும்பினாள். பதினோரு வருஷமாக ஊதுபத்தி பற்றிக்கொள்வதற்கும் அந்தப் பெட்டி உறுமிக்கொண்டு விழிப்பதற்கும் ஒரே நேரம்தான் ஆகும். அன்றைக்கு ஊதுபத்தி மட்டும் பற்றியது. கீபோர்டில் பச்சை விளக்கு எரிந்தது, மானிட்டர் கண்ணைத் திறந்து சிக்னல் இல்லை என்று ஒரு வரி காட்டிவிட்டு மறுபடி மூடிக்கொண்டது. பெட்டியிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. அவள் தங்கையின் வளைகாப்புக்குப் போய்விட்டு ஒரு நாள் விட்டுத்தான் கடை திறக்கிறாள், அந்தக் கோபமாக இருக்கும் என்று டீக்கடை சீனியம்மா சொன்னாள்.

விலக்கு என்பது ஊர் அல்ல, ஊருக்குத் திரும்புகிற இடம். தார் ரோட்டிலிருந்து ஆவரங்குளத்துக்கு மண்பாதை பிரிகிற அந்த முக்கில் ஒரு வேப்பமரமும் நான்கு கடைகளும் இருந்தன. பீர் முகமதுவின் டயர் கடை, உலகநாதனின் தையல் கடை, சீனியம்மாவின் டீக்கடை, கடைசியில் அரசியின் டைப்பிங் சென்டர். பட்டா மாறுதலுக்கும் முதியோர் பென்ஷனுக்கும் தெருவிளக்குக்கும் தண்ணீருக்கும் மனு எழுதுவதற்குச் சுற்றுப்பட்டு ஒன்பது ஊர்க்காரர்களும் அரசியிடம்தான் வந்தார்கள், அவள் கையால் அடித்த மனுவுக்கு எப்படியும் ஒரு பதில் வந்துவிடும் என்று பேர் இருந்தது. அவளுடைய சொந்த மனுவுக்கும் பதில் வந்துகொண்டுதான் இருந்தது. பதினோரு வருஷத்தில் நாற்பத்தொரு மனு, நாற்பத்தொரு பதில். அந்த வழியாகப் போகிற பஸ் விலக்கில் நின்று போக வேண்டும் என்பது மனு. அந்த இடத்தில் ஏறி இறங்கப் போதிய பயணிகள் இல்லை என்பது நாற்பது தடவை வந்த பதில். நிற்காத பஸ்ஸில் ஏறி இறங்க யார் இருப்பார்கள் என்று அவளும் நாற்பத்தொரு தடவையும் கேட்டிருந்தாள், ஒவ்வொரு தடவையும் வேறு வேறு மரியாதையான வார்த்தைகளில்.

அரசிக்கு வலது கால் இரண்டு அங்குலம் குட்டை. அந்தக் காலுக்கென்று உயரமான செருப்பு ஒன்றைத் தைத்துப் போட்டிருந்தாள். பஸ் அவளை விலக்குக்கு முந்தின நிறுத்தமான தோப்புப்பட்டியில் இறக்கிவிடும். அங்கிருந்து ஒன்றே முக்கால் கிலோமீட்டர், இருபுறமும் கருவேல முள், நிழல் என்று ஒன்று கிடையாது. அவள் நடந்து வந்துகொண்டிருக்கும்போதே பஸ் அவளைக் கடந்து அவள் கடை வாசல் வழியாகவே போகும். பீர் முகமது தன் வண்டியில் கூட்டிவந்துவிடுவதாகப் பலமுறை சொல்லியிருக்கிறார். மழை நாளில் ஏறிக்கொள்வாள், மற்ற நாளில் மாட்டாள். தினமும் ஏறினால் மனு எழுதுகிற கோபம் போய்விடும் என்பாள்.

நாற்பத்தோராவது மனுவுக்குத்தான் முதல்முறையாகப் போக்குவரத்துக் கழக அதிகாரி ஒருவர் வேறு மாதிரி பதில் எழுதியிருந்தார். இதுவரை அனுப்பிய எல்லா மனுக்களின் நகலையும் தேதிவாரியாக நேரில் கொண்டுவந்து கொடுத்தால் பரிசீலிப்பதாகச் சொல்லியிருந்தார். நவம்பர் பதினைந்தாம் தேதிக்குள் வர வேண்டும், பதினாறாம் தேதி அவருக்கு மாறுதல். நாற்பத்தொரு மனுவும் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தன. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் நகல் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லும் அரசி தனக்கென்று ஒரு நகலும் எடுத்து வைத்திருக்கவில்லை, கம்ப்யூட்டரில் இருக்கிறதே என்று விட்டுவிட்டாள்.

டவுனிலிருந்து மெக்கானிக் லூர்து மதியம் வந்தான். பிளக்கைப் பிடுங்கிச் செருகினான், வயரை மாற்றினான். பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, சேலை மடிப்பு மாதிரி படிந்திருந்த தூசியை பிரஷ்ஷால் தள்ளி, இரண்டு பல்லி முட்டைகளை எடுத்துப் பத்திரமாக ஜன்னலில் வைத்தான். கரண்ட் கொடுக்கும் டப்பாவைத் தனியாகக் கழற்றி, பச்சை வயரையும் கறுப்பு வயரையும் ஒரு கம்பியால் இணைத்துப் பார்த்தான், அதன் விசிறி நன்றாகவே சுற்றியது. காசு அளவு இருந்த பேட்டரியை மாற்றினான். எல்லாம் சரியாக இருந்தன, சேர்த்து வைத்தால்தான் ஒன்றும் நடக்கவில்லை. கடைசியாக ராம் பட்டையை உருவி, சட்டைப் பையிலிருந்து பென்சில் ரப்பரை எடுத்து, அதன் தங்கநிறப் பற்களை அழுத்தித் தேய்க்க ஆரம்பித்தான். எல்லா மெக்கானிக்கும் கடைசியாகச் செய்வது அது, பாதிப் பெட்டிகள் அதில் எழுந்துவிடும். நாலாவது தேய்ப்பில் அவன் கை நின்றது. ரப்பரைப் பிடித்தபடியே ஸ்டூலிலிருந்து சரிந்து, சுவரில் சாய்ந்து, லூர்து தூங்கிப்போனான்.

பத்து நிமிஷம் கழித்துத் தானாகவே எழுந்தான். முகத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டான். மூன்று வருஷமாகத் தனக்கு இரவில் தூக்கம் பிடிப்பதில்லை என்றும், இப்போது மூன்று வருஷத்துத் தூக்கமும் தூங்கி எழுந்த மாதிரி இருப்பதாகவும், டீ வாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்த அரசியிடம் சொன்னான். கம்ப்யூட்டர் என்ன ஆயிற்று என்று அவள் கேட்டாள்.

"இதுல ஒரு பழுதும் இல்லக்கா. தூங்குது."

"எப்ப எந்திரிக்கும்?"

"அது தூங்குறவங்களுக்குத்தான தெரியும்" என்றான் லூர்து.

ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றித் தன் கடைக்குக் கொண்டுபோய் வேறு பெட்டியில் மாட்டிப் பார்ப்பதாகச் சொல்லி எடுத்துப்போனவன், மறுநாளே திரும்பக் கொண்டுவந்து கொடுத்துவிட்டான். அதை மாட்டியதும் அவன் கடைப் பெட்டியும் தூங்கிவிட்டதாம், எதிரில் நின்ற இரண்டு வாடிக்கையாளர்களும் கவுண்டரில் தலையைச் சாய்த்துவிட்டார்களாம். கொட்டாவி விட்டுக்கொண்டே அவன் அதைக் கழற்றிய பிறகுதான் எல்லோரும் எழுந்தார்கள். அவன் அதைப் பழைய இடத்தில் பொருத்தி, திருகாணியை முடுக்கி, போவதற்கு முன்னால் இன்னொரு பத்து நிமிஷம் தூங்கிவிட்டுப் போனான்.

அப்படித்தான் அது தெரியவந்தது. மறுநாள் உலகநாதன் கத்தரிக்கோலோடு வந்து சுவரோரம் உட்கார்ந்து பார்த்தார், தூங்கினார். அதற்கு மறுநாள் பீர் முகமது தூங்கினார். லூர்து அந்தப் பெட்டியைத் திறந்ததிலிருந்து, கடை வாசற்படிக்கு இந்தப் பக்கம் வந்தால் தூக்கம் கண்ணில் வந்து உட்காரும், அந்தப் பக்கம் போனால் எழுந்து போய்விடும். உள்ளே கழிகிற பத்து நிமிஷம் ஓர் இரவுக்குச் சமம், கனவு வராது, எழுந்தால் கழுத்து வலிக்காது. ஆவரங்குளத்தில் இரட்டைப் பிள்ளை பெற்றிருந்த ஒருத்தி கைக்கொன்றாகப் பிள்ளைகளைத் தூக்கிவந்து மூன்று பேருமாகத் தூங்கினார்கள். கல்யாணம் நிச்சயமாகிப் பயந்துபோயிருந்த ஒரு மாப்பிள்ளை வந்தான். எட்டு மாதமாகப் பேசிக்கொள்ளாத ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வெவ்வேறு வழியாக வந்து வெவ்வேறு மூலையில் தூங்கி, எழுந்தபோது அசதியில் ஒருவருக்கொருவர் என்ன மணி என்று கேட்டுவிட்டு, கேட்டது நினைவு வந்ததும் இனி வீம்பு பிடித்துப் பயனில்லை என்று சேர்ந்தே வீட்டுக்குப் போனார்கள். உப்பளத்து வேலைக்காரர்கள் வந்தார்கள், கண்ணெரிச்சலோடு வந்து கண்ணெரிச்சல் இல்லாமல் போனார்கள். லாரிக்காரர்கள் மரத்தடியில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு வந்தார்கள்.

முதல் வாரம் காரணம் பேசினார்கள். கடைக்கு அடியில் பழைய ஊருணி இருந்தது என்று ஒருவர் சொன்னார். அத்தனை மனுக்களின் கவலையையும் சுமந்த பெட்டி அல்லவா, அலுத்திருக்கும் என்று சீனியம்மா சொன்னாள். இரண்டாவது வாரம் அந்தப் பேச்சு ஓய்ந்து, ஒழுங்குகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். ஒரு தடவைக்கு ஆறு பேர், செருப்பு வெளியே, குறட்டை விடுகிறவர்கள் ஜெராக்ஸ் மெஷின் பக்கம், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை. அரசி ஜெராக்ஸ் தாளைத் துண்டு துண்டாகக் கிழித்து எண் எழுதிக் கொடுத்தாள். பத்து நிமிஷம் ஆனதும் சீனியம்மா கண்ணாடி டம்ளரில் கரண்டியால் மூன்று தட்டுத் தட்டுவாள், ஆறு பேரும் எழுந்து டீ குடிக்கப் போவார்கள், அடுத்த ஆறு பேர் உள்ளே போவார்கள். உலகநாதன் வெட்டுத்துணிகளைச் சேர்த்துத் தைத்து ஆறு தலையணை செய்து கொடுத்தார். வருகிறவர்கள் எல்லோரும் முதலில் பெட்டியின் நெற்றியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்கள், பூஜையன்று அரசி வைத்த மாதிரியே சந்தனமும் குங்குமமும் பளிச்சென்று இருந்தன, மஞ்சள் செவ்வந்தி ஒன்று வாடாமல் இருந்தது.

அரசி மட்டும் அங்கே ஒரு நாளும் தூங்கவில்லை. கூட்டத்தைப் பார்க்க வேண்டியிருந்ததால் வாசற்படிக்கு வெளியிலேயே ஸ்டூலைப் போட்டுக்கொண்டாள். இடையிடையே உள்ளே போய், தூக்கம் வந்து பிடிப்பதற்குள் பொத்தானை ஒரு தடவை அமுக்கிப் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுவாள். சுவரில் தொங்கிய தேதிக் காலண்டரில் தாள்கள் குறைந்துகொண்டிருந்தன. நாற்பத்தொரு மனுவும் உனக்கு மனப்பாடம்தானே, வேறு கடையில் உட்கார்ந்து திரும்ப அடித்தால் என்ன என்று பீர் முகமது கேட்டதற்கு, அன்றைக்கு எழுதியதை இன்றைக்கு எழுதினால் அதற்குப் பேர் மனு இல்லை பாய், கதை என்று சொல்லிவிட்டாள்.

பஸ் நின்றது மூன்றாவது வாரத்தில். காலை பத்தேகாலுக்கு வருகிற வண்டியின் பின் டயர் சரியாக விலக்கில் இறங்கிப்போனது. பீர் முகமது ஜாக்கியை வைத்துத் தூக்கிக்கொண்டிருக்க, டிரைவர் பால்ச்சாமி நிழல் தேடி, அதற்குள் நடந்து வந்து அரசி திறந்திருந்த கடைக்குள் காலை வைத்தார். முப்பத்தோரு வருஷம் ஸ்டியரிங் பிடித்தவர், வீட்டில் படுத்தாலும் கால் தானாக பிரேக்கைத் தேடும் என்று அவர் மனைவியே சொல்வாள். அன்றைக்கு அவர் கால் எதையும் தேடவில்லை. எழுந்ததும் வாயைக் கொப்பளித்துவிட்டு, டயர் மாட்டியாகிவிட்டதா என்றுகூடக் கேட்காமல், நாளைக்கும் இதே நேரத்துக்கு வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் வந்தார். கண்டக்டர், டயர் செக் பண்ணுகிறோம் என்று பயணிகளிடம் சொல்லி ஒற்றை விசில் அடித்தார். கேள்விப்பட்டிருந்த பயணிகளும் இறங்கி எண் வாங்கினார்கள். கடைசியில் எல்லோருக்கும் சேர்த்தே பத்து நிமிஷம் என்று ஆனது, அந்தப் பத்து நிமிஷத்தைப் பால்ச்சாமி மீதி வழியில் தெளிந்த கண்ணோடு ஓட்டிச் சரிக்கட்டிவிடுவார். விலக்கில் நின்று போகிறது என்று தெரிந்ததும் ஆவரங்குளத்துக்காரர்கள் அங்கேயே வந்து ஏறினார்கள். வெளியூரிலிருந்து தூங்க வருகிறவர்கள் அங்கேயே இறங்கினார்கள். ஒரு நாள் பதினொரு பேர், ஒரு நாள் இருபத்து மூன்று பேர்.

முதல் நாள் அந்த பஸ்ஸிலிருந்து தன் கடைக்கு எதிரே இறங்கிய அரசி கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். நடக்கிற அந்த முக்கால் மணி நேரம் கையில் மிச்சமாக இருந்தது, அதை என்ன செய்வது என்று தெரியவில்லை. சீனியம்மாவின் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒரு டீயை முழுசாகக் குடித்தாள். உயரமான செருப்பில் தூசி இல்லை.

பன்னிரண்டு நாள் அப்படிப் போனது. பதின்மூன்றாம் நாள் பால்ச்சாமி ஒரு சாவுக்குப் போக வேண்டி லீவு போட்டார். அவருக்குப் பதிலாக வந்த டிரைவர் இளவயதுக்காரர், விலக்கைப் பற்றி ஒன்றும் தெரியாது, கண்டக்டரும் அன்றைக்குப் புது ஆள். வேப்பமரத்தடியில் பதினாலு பேர் கை காட்டிக்கொண்டு நின்றார்கள். ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்த அரசி தன் கடையைப் பார்த்தாள், தான் பூட்டிய பூட்டைப் பார்த்தாள், ஸ்டூலைப் பார்த்தாள், டம்ளரோடு நின்ற சீனியம்மாவைப் பார்த்தாள். எல்லாம் பின்னால் போய்விட்டன. இறங்கணும் என்று அவள் சொன்னதற்கு, இங்கே ஸ்டாப்பிங் இல்லையேம்மா என்று கண்டக்டர் மரியாதையாகத்தான் சொன்னார். அவர் சொன்னது சரி. விலக்கைத் தாண்டி இரண்டு கிலோமீட்டரில் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி அவள் திரும்ப நடந்தாள். பன்னிரண்டு நாளில் கால் நடையை மறந்திருந்தது. வழி முழுக்க அவள் ஒன்றைத்தான் யோசித்தாள். டிரைவர் தூக்கத்துக்காக நிற்கிற பஸ் டிரைவரோடு போய்விடும். உத்தரவுக்காக நிற்கிற பஸ்தான் யார் ஓட்டினாலும் நிற்கும். தேதி நவம்பர் பன்னிரண்டு.

கடைக்கு வந்து முகத்தைக் கழுவிவிட்டு, ஈரத் துணியோடு உள்ளே போய்ப் பெட்டியைத் துடைக்கக் குனிந்தவளின் விரல் சந்தனத்தில் பட்டது. ஈரமாக இருந்தது. அப்போதுதான் கல்லில் தேய்த்து வைத்த மாதிரி விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. தூக்கம் இழுப்பதற்குள் வெளியே வந்து, அந்த விரலை நீட்டிக்கொண்டே சீனியம்மாவிடம், தினமும் நீங்கள்தான் சந்தனம் வைக்கிறீர்களா என்று கேட்டாள். உலகநாதன்தான் வைக்கிறார் என்று சீனியம்மா நினைத்திருந்தாள். உலகநாதன் அரசிதான் வைக்கிறாள் என்று நினைத்திருந்தார். நம் பழக்கம் இல்லையே தங்கச்சி, ஆனாலும் நல்லாருக்குன்னு பாத்துக்குவேன் என்று பீர் முகமது சொன்னார். யாரும் வைக்கவில்லை. அது பூஜையன்று வைத்த சந்தனம், பூஜையன்று வைத்த பூ. ஒரு மாதத்துக்கு மேல் ஆகியும் பெட்டிக்கு இன்னும் பூஜை நாளாகவே இருந்தது.

விலக்கில் ஆயுத பூஜை நான்கு கடைக்கும் சேர்த்து டயர் கடையில் நடக்கும், இடம் அங்கேதான் உண்டு. கத்தரிக்கோல், டேப், தையல் மெஷினின் தலை, ஜாக்கி, ஸ்பானர்கள், டீ வடிகட்டி, பால் சட்டி எல்லாம் வரிசையாக வரும். பூஜையில் வைத்ததை அன்றைக்குத் தொடக்கூடாது, ஆயுதங்களுக்கு அது ஓய்வு நாள். மறுநாள் காலையில் திரும்பச் சூடம் காட்டி, ஒவ்வொன்றையும் விரலால் லேசாக வடக்குப் பக்கம் அசைத்து வைத்தால்தான் அது பூஜையிலிருந்து எழுந்ததாக அர்த்தம். கம்ப்யூட்டர் பெட்டியைத் தூக்கிவர முடியாது என்று அரசி அதற்குக் கடையிலேயே சந்தனமும் பூவும் வைத்து, கீபோர்டை மட்டும் பெட்டியின் சார்பில் டயர் கடைக்குக் கொண்டுபோயிருந்தாள். மறுநாள் அவள் வளைகாப்பில் இருந்தாள். சூடம் காட்டுகிற பொறுப்பு உலகநாதனுடையது.

"கீபோர்டை அசைச்சு வச்சேனே" என்றார் அவர். "அதுவும் அதுவும் ஒண்ணுதான, அது போதும்னு நெனச்சேன்."

"கைய மட்டும் தட்டி எழுப்புனா ஆளு எந்திரிச்சிருவானா அண்ணாச்சி?" என்றாள் அரசி.

உலகநாதன் தன் கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்துச் சுருட்ட ஆரம்பித்தார். கீபோர்டில் ஏன் முதல் நாளே பச்சை விளக்கு எரிந்தது என்று அப்போது எல்லோருக்கும் விளங்கியது.

என்ன செய்ய வேண்டும் என்பது தெரிந்துவிட்டது, செய்யலாமா என்பதுதான் பேச்சானது. மறுநாள் வேப்பமரத்தடியில் கூடியவர்களில் பெரும்பாலோர் எழுப்ப வேண்டாம் என்றார்கள். இரட்டைப் பிள்ளைக்காரி இரண்டு பிள்ளைகளையும் அரசிக்கு எதிரே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். உப்பளத்துக்காரர்கள் அரசிக்காகத் தாங்களே முறை போட்டுத் தினமும் சைக்கிளில் தோப்புப்பட்டிக்கு வந்து கூட்டிவருவதாகச் சொன்னார்கள். இத்தனை பேர் தூக்கத்தைவிட ஒரு பஸ் பெரிதா என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது, அந்தக் குரலைச் சீனியம்மா திரும்பிப் பார்த்ததும் அது இருமலாக மாறியது. ஒன்பது ஊர் மனுவையும் அடித்த அரசிக்கு, இவர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது என்பது தெரியாமல் இல்லை.

லீவு முடிந்து வந்த பால்ச்சாமி பஸ்ஸை நிறுத்திவிட்டு இறங்கி, நடந்ததைக் கேட்டுக்கொண்டார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். எழுப்பினால் முதல் நஷ்டம் அவருக்குத்தான்.

"எழுப்புங்கம்மா" என்றார். "எழுப்புனாலும் நான் நிப்பாட்டத்தான் செய்வேன். ஆனா எனக்கு ரிடையர்மெண்டுக்கு எட்டு மாசந்தான் இருக்கு. அதுக்கப்புறம் யாரு நிப்பாட்டுவா?"

"அப்ப உங்க தூக்கம்?"

"பன்னெண்டு நாள் தூங்கிட்டேன். அதுக்கு முன்னாடி முப்பத்தோரு வருசம் தூங்காமத்தான ஓட்டுனேன்."

நாளைக்குக் காலையில் எழுப்புவது என்று ஆயிற்று. அன்று மாலைவரை, கடைசி நாள் என்று கேள்விப்பட்டு வந்த எல்லோரையும் ஆறு ஆறு பேராகத் தூங்கவைத்து அனுப்பினார்கள். கூட்டம் தீர்ந்ததும் சீனியம்மா ஸ்டூலிலிருந்த அரசியின் கையைப் பிடித்து எழுப்பி, எண் எழுதிய துண்டுத்தாள் ஒன்றை அவள் கையில் வைத்தாள். அது ஒன்றாம் எண். முதல் நாளிலிருந்து அதை அரசி யாருக்கும் கொடுக்காமல் தனியாக எடுத்து வைத்திருந்ததைச் சீனியம்மா பார்த்திருந்தாள்.

"உள்ள போ. நான் தட்டுறேன்."

அரசி செருப்புகளைக் கழற்றி வெளியே வைத்தாள். உயரமான செருப்பு இல்லாமல் ஒரு பக்கம் சாய்ந்து நடந்து உள்ளே போய், தன் நாற்காலியில் உட்காராமல், பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உலகநாதன் தைத்த தலையணையை வைத்துப் படுத்தாள். படுத்தால் கால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பெட்டியின் தகரம் மாட்டின் விலாவைப் போல மெல்ல ஏறி இறங்குவதைப் பார்த்தாள், பிறகு எதையும் பார்க்கவில்லை. சீனியம்மா அன்றைக்குப் பத்து நிமிஷம் ஆனதும் தட்டவில்லை. கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, பீர் முகமது இரண்டு தடவை ஜாடை காட்டியும் தட்டாமல், பால் பொங்கி வழிந்த பிறகுதான் தட்டினாள்.

மறுநாள் காலையில் ஐப்பசித் தூறல் விழுந்துகொண்டிருந்தது. டயர் கடையிலிருந்து அரசியின் கடைவரை சூடத்தட்டு அணையாமல் வரவேண்டும் என்று பீர் முகமது குடை பிடித்தார், குடைக்குள் உலகநாதன் தட்டோடு நடந்தார், பின்னால் கத்தரிக்கோலும் ஜாக்கியும் வடிகட்டியும் கீபோர்டும் ஆளுக்கொருவர் கையில் வந்தன, பெட்டி எழும்போது கூட வேலை பார்த்தவை எதிரில் இருக்கட்டும் என்று. பஸ்ஸிலிருந்த முப்பது பேரும் இறங்கி நின்றார்கள். தூக்கம் தாக்காமல் இருக்க உலகநாதன் நாக்கின் அடியில் ஒரு மிளகை வைத்துக்கொண்டு உள்ளே போனார். சூடத்தை மூன்று சுற்றுச் சுற்றிக் காட்டி, பெட்டியை ஒரு விரற்கடை அளவு வடக்கே நகர்த்தி வைத்தார்.

செவ்வந்தி தலையைத் தொங்கப்போட்டது. சந்தனம் வெளுத்து, குளத்து மண்ணைப் போல வெடித்து, ஒரு சில்லு கீழே விழுந்தது. அரசி உள்ளே போனாள். தூக்கம் வரவில்லை. பொத்தானை அமுக்கிவிட்டு, ஊதுபத்தியை எடுத்துக் கொளுத்தினாள். பெட்டி ஒரே ஒரு தடவை கூவியது, பழைய உறுமலோடு விசிறி சுற்ற ஆரம்பித்தது. ஊதுபத்தியும் பற்றிக்கொண்டது.

நாற்பத்தொரு மனுவையும் அச்சடிக்க நாற்பது நிமிஷம் ஆனது. பால்ச்சாமி காத்திருந்தார், பஸ் முழுக்கக் காத்திருந்தது. இரட்டைப் பிள்ளைக்காரி தாள்களைத் தேதிப்படி அடுக்கிக் கொடுத்தாள். தாள்கள் நனையாமல் பீர் முகமது பழைய டியூபை அறுத்து ஒரு பை ஒட்டிக் கொடுத்தார். அரசி விலக்கிலேயே ஏறி, ஜன்னலோரத்தில் உட்கார்ந்து போனாள்.

அதிகாரி மேசையில் ஏற்கெனவே பாதிப் பொருள்கள் கட்டி வைக்கப்பட்டிருந்தன. அவர் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். எல்லாவற்றையும் படித்தாரா என்று சொல்ல முடியாது, ஆனால் எல்லாவற்றையும் புரட்டினார். கடைசித் தாளில் கையை வைத்துக்கொண்டு, ஒரே விஷயத்தை இத்தனை தடவை எழுதியிருக்கிறீர்களே, அலுக்கவில்லையா என்று கேட்டார்.

"நடக்குறதும் ஒரே வழிதான் சார்" என்றாள் அரசி.

இப்போது அங்கே பயணிகள் இருக்கிறார்களா என்று கேட்டார். இருக்கிறார்கள், போன மாதம் மட்டும் இத்தனை பேர் என்று அவள் எண் எழுதிய துண்டுத்தாள்களை டியூப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள். அவை எதற்கான தாள்கள் என்று அவர் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டார்.

மார்கழியில் உத்தரவு வந்தது. தையில் நிழற்குடையும், மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தில் ஆவரங்குளம் விலக்கு என்ற பெயரும் வந்தன. ஆனியில் பால்ச்சாமி ஓய்வுபெற்றார், அவருக்குப் பின் வந்தவரும் நிறுத்தினார், அவருக்கு விலக்கில் யாரையும் தெரியாது, பலகையைத்தான் தெரியும். தூங்க வந்தவர்கள் கொஞ்ச நாள் வந்து பார்த்தார்கள், அரசி ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தாள், டீ குடித்துவிட்டுப் போனார்கள். குறை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் உப்பளத்துக்காரர்களுக்குக் கண்ணெரிச்சல் திரும்பியிருந்தது, இரட்டைப் பிள்ளைகளுக்குப் பல் முளைத்துக்கொண்டிருந்தது.

அடுத்த ஆயுத பூஜைக்கு அரசி கீபோர்டோடு ஒரு பழைய மவுஸையும் டயர் கடைக்குக் கொண்டுவந்தாள். வயர் அறுந்து இரண்டு வருஷமாக டிராயரில் கிடந்தது. உலகநாதன் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், அதற்கும் சந்தனம் வைத்தார். மறுநாள் காலையில் சூடம் காட்டி எல்லாவற்றையும் அசைத்து வைத்தார், கத்தரிக்கோலை, ஜாக்கியை, வடிகட்டியை, பிறகு வாசல் வாசலாகப் போய் நகர்த்த முடியாதவற்றையும் நகர்த்தி வைத்தார், கம்ப்யூட்டர் பெட்டிக்கு மட்டும் இரண்டு தடவை சூடம் காட்டினார். மவுஸிடம் வரும்போது அவருக்குத் தும்மல் வந்தது. பீர் முகமது வெளியே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூஜையிலிருந்து எழாத அந்த மவுஸைச் சீனியம்மா தன் முந்தானை நுனியில் முடிந்து எடுத்துக்கொண்டுபோய், நிழற்குடையின் உள்பக்கத்து மாடத்தில், சந்தனம் கலையாமல் வைத்தாள். சின்னப் பொருள் என்பதால் தூக்கமும் சின்னதாகத்தான் இருந்தது, நிழற்குடையின் பெஞ்சு அளவுக்கு மட்டும்.

அரசி தினமும் பத்தேகாலுக்குத் தன் கடைக்கு எதிரே இறங்குகிறாள். கண்டக்டரும் அவள் பின்னாலேயே இறங்குகிறார். விலக்கில் பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறவர்கள் அத்தனை பேரும் பெஞ்சில் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கிக்கொண்டிருப்பார்கள். கண்டக்டர் எட்டி நின்று விசில் அடித்துப் பார்ப்பார், எழ மாட்டார்கள். பஸ் வந்திருச்சு, பஸ் நிக்குது, ஏறுங்க என்று அவர் கையை மட்டும் நீட்டித் தோளைத் தோளைத் தொட்டு ஒவ்வொருவராக எழுப்புவதை, ஊதுபத்தி பற்றும்வரை அரசி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள்.